சைவப் பூனைகள்

பூனைகள் சைவமாகிவிட்டன என்ற செய்தி முதலில் கொப்பரை தேய்க்கிற மேய்-கிம்மின் வாயிலிருந்துதான் கிளம்பியது. கொப்பரை அறைக்குப் பின்னால் கழுவுநீர் ஓடும் இடத்தில் தெருப்பூனைகள் வரிசைகட்டி உட்கார்ந்திருந்தன. உடைந்த சைவ மீன் துண்டுகளை ஒன்றோடொன்று சீறாமல், பந்தியில் உட்கார்ந்த விருந்தாளிகளைப்போலத் தின்றுகொண்டிருந்தன. மேய்-கிம் கையிலிருந்த வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடிவந்தாள்.

“அக்கா, வந்து பாரேன்! நம்ம தவுக்கே செஞ்ச புண்ணியம், பூனைகூட திருந்திடுச்சு. என் வீட்டுக்காரன்தான் இன்னும் திருந்தல.”

போங்-யோ எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “பூனைக்கு உன்னைக் கட்டி வச்சிருந்தா அதுவும் திருந்தியிருக்காது, போடி.”

முதலாளியை எல்லோரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள். கூ தவுக்கே நடத்தியது சைவச் சரக்குத் தொழிற்சாலை. சோயாவிலிருந்து கோழி, வாத்து, மீன் என்று எல்லாம் செய்து கோயில்களுக்கும் துக்க வீடுகளுக்கும் விரதக்காரர்களுக்கும் அனுப்புவார்கள். தைனான் நகருக்கு வெளியே, கரும்பு அழிந்த நிலத்தில், தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். அங்கே சோயாப் பால் காய்ச்சும் கொப்பரை அறைக்குத் தலைவி போங்-யோ. சோயாப் பாலில் படியும் ஆடையை மூங்கில் குச்சியால் கிழியாமல் எடுக்கவும், ஆடைமேல் ஆடையாக மடித்து நடுவில் மாவு வைத்து, வெளியே கடற்பாசித் தாளைத் தோலாகச் சுற்றி மீனாக்கவும் அவளைப்போல் ஆள் கிடையாது என்று தவுக்கே வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

போங்-யோ என்ற பெயருக்கு அவர்கள் பேச்சில் ஓர் அர்த்தம் உண்டு. ‘வந்தது வந்துவிட்டது, வளர்த்து வைப்போம்.’ பெண்ணாகப் பிறந்ததற்கு அப்பா கொடுத்த வரவேற்பு. அப்பாவுக்குக் கடலோரத்தில் பால்மீன் குளங்கள் இருந்தன. மீனும் சேறும் உப்புக்காற்றுமாக வளர்ந்தாள். பக்கத்துக் குளத்துப் பையன் சுன்-கியைக் கட்டிவைத்தார்கள். அவன் குளத்தை விட்டுவிட்டு, யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகப் போகும் பஸ்ஸை ஓட்டினான். பிள்ளை தங்கவில்லை. மாமியார் இருந்தவரை அதைச் சொல்லிக்காட்டினாள். செத்தபிறகு அந்த வேலையைப் போங்-யோ தானே எடுத்துச் செய்துகொண்டாள்.

அந்த பஸ் மலைப்பாதையில் ஒருநாள் உருண்டது. சுன்-கி கண் திறக்காமல் கிடந்தான். போங்-யோ தெருமுனையில் இருந்த குவான்யின் கோயிலுக்கு ஓடி, கருணைத் தாயின் காலடியில் தலையை முட்டினாள். “இவரை எழுப்பிக் குடு. உசுருள்ளவரைக்கும் உசுர் எதையும் தின்ன மாட்டேன்.” அவன் எழுந்தான். மருத்துவர் மூளைவீக்கம் வடிந்தது என்றார். தெரு முழுக்க விரதம் என்றது. சுன்-கியும் தெருவோடு சேர்ந்துகொண்டான். “நீ வாங்கிக் குடுத்த உசுரு இது. நீ திங்காததை நான் மட்டும் எப்படித் திங்கிறது?” என்று அவனும் மீனை விட்டான். பால்மீன் கஞ்சி குடிக்காமல் காலையில் கண்ணே திறக்காதவன் ஊறுகாய் முள்ளங்கியோடு வெறுங்கஞ்சி குடித்தான். ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் கஞ்சிக்கடையைத் தாண்டும்போது ஸ்கூட்டரின் வேகம் குறைவது பின்னால் உட்கார்ந்திருந்த போங்-யோவுக்குத் தெரியும்.

நடக்கத் தெம்பு வந்த அவனை மறுபடி பஸ் ஓட்ட விடக்கூடாதென்று அவள்தான் வேலைக்குப் போனாள். கூ தவுக்கே அவளைச் சேர்த்துக்கொண்டார். சுன்-கிக்கு ஒருமுறை காய்ச்சல் கண்டபோது தன் காரிலேயே தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர், இரவெல்லாம் நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர். நல்ல மனிதர். இந்தக் கதையில் கெட்டவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். அதுதான் இதில் கஷ்டமே.

தவுக்கேவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் கொப்பரை மூட்டும் முன் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்துவார். முதலில் எல்லோரும் ஒரே குரலில் சொல்லவேண்டும்: “நான் என் பெற்றோரின் பிள்ளை. நான் என் வீட்டின் துணை. நான் இந்தத் தொழிலின் கை.” மனுஷன் தனியாக ஒன்றுமே இல்லை, யாருக்கு யாராக இருக்கிறானோ அதுதான் அவன், அந்த இடத்தைச் சரியாக நிரப்பினால் வியாபாரம் தானாக நேர்மையாகிவிடும் என்பது அவர் தாத்தா வழி வந்த பாடம். அதன்பிறகு, மலைக்கோயில் பிக்குணிகளிடம் கற்றுக்கொண்ட இரண்டாவது பாடம். எல்லோரும் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இப்போது சொன்ன பிள்ளை, துணை, கை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கவேண்டும். கழற்றிக்கொண்டே போனால் கடைசியில் ‘நான்’ என்று எதுவும் மிஞ்சாது. மிஞ்சாவிட்டால் ஆசை யாருக்கு? ஏமாற்று எதற்கு?

“எட்டு மணிக்கு எல்லாருமா இருக்கோம், எட்டேகாலுக்கு யாருமே இல்லாமப் போயிடறோம்,” என்பாள் மேய்-கிம். “அப்புறம் கொப்பரைய யாரு தேய்க்கிறதுன்னுதான் எனக்குப் புரியல.”

போங்-யோவுக்கு முதல் பாடம் வரும். இரண்டாவது வரவே வராது. கண்ணை மூடியதும் சுன்-கியின் மதியச் சாப்பாட்டு டப்பா வந்து நிற்கும். இன்றைக்கு உப்பு போட்டோமா, மூடியை அழுத்தினோமா, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று சொன்னோமா. மலைக்கோயிலின் தலைமைப் பிக்குணியை எல்லோரும் குருவம்மா என்பார்கள். ஒருமுறை அவரிடமே போங்-யோ இதைச் சொல்லி வருத்தப்பட்டாள். குருவம்மா சிரித்தார். “உன்னோட நான் டப்பா வடிவத்துல இருக்கு போல. இருந்துட்டுப் போகட்டும், சூடாவாவது இருக்கும்.”

கடற்பாசிப் பொடி வந்தது சுன்-கி மீனை விட்டுப் பல வருஷம் கழித்து. சைவ மீனில் மீன் வாசம் போதவில்லை என்று வடக்கே வாங்குகிறவர்கள் முணுமுணுத்தார்கள். தவுக்கே மூன்று கிண்ணத்தில் மூன்று வகைக் கடற்பாசிப் பொடியைக் கரைத்துக் கொண்டுவந்து போங்-யோவின் முன் வைத்தார். “உன் நாக்குதான் தீர்ப்பு.” முதல் கிண்ணம் வெறும் உப்பு. இரண்டாவது, மருந்துக்கடை. மூன்றாவதை நாக்கில் வைத்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சாயங்காலம், அப்பா வலையை இழுக்கிறார், குளம் முழுக்க வெள்ளி துள்ளுகிறது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சுன்-கிக்கு இது பிடிக்கும் என்ற நினைப்புதான் முதலில் வந்தது. எதையும் கொல்லாமல் இந்த ருசியைத் திருப்பிக் கொடுத்தாளே என்று மனதுக்குள் குவான்யினைக் கும்பிட்டாள்.

“இதுதான் தவுக்கே.”

“நிச்சயமா?”

“இதுதான்.”

அன்று வீட்டுக்கு எடுத்துப்போன முதல் துண்டைச் சுன்-கி வாயில் போட்டு வெகுநேரம் மெல்லாமல் வைத்திருந்தான். பிறகு அவளைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கிண்ணத்தைத் துடைத்துவைத்ததுபோலச் சாப்பிட்டு முடித்தான். அதன்பிறகு கஞ்சிக்கடையைத் தாண்டும்போது ஸ்கூட்டர் வேகம் குறையவில்லை.

சரக்கு பிய்த்துக்கொண்டு போனது. மலைக்கோயிலுக்குத் தவுக்கே மாதாமாதம் காணிக்கையாகவே அனுப்பினார். அங்கிருந்த பூனைகளும் அதைத் தின்றன என்று தெரிந்ததும், மேய்-கிம் சொன்ன வேடிக்கை அற்புதமாக வளர்ந்துவிட்டது. பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து பூனைகள் சைவம் சாப்பிடுவதைப் பார்த்துக் கைகூப்பியது. தவுக்கே கூட்டத்தில் பேசும்போது குரல் தழுதழுக்க அதையே சொன்னார். வியாபாரத்தில் மனசு சுத்தமாக இருந்தால் மிருகத்தின் குணமே மாறும் என்றார். யாருக்கும் வேறு காரணம் தோன்றவில்லை. தோன்றியிருக்கலாம்தான். பூனை என்றால் என்ன என்று தெரியாதவர்களா அவர்கள்? ஆனால் புண்ணியம் செய்கிறவர்களுக்கு நல்ல காரணம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது கெட்ட காரணத்தை யார் போய்த் தேடுவார்கள்!

ஒரு பௌர்ணமியன்று போங்-யோ கோயிலில் பரிமாறிக்கொண்டிருந்தாள். வடக்கிலிருந்து வந்த ஓர் அம்மாள் தன் ஊர்த் தொழிற்சாலைச் சைவ மீனைக் கொண்டுவந்து பூனைகளுக்கு வைத்தாள். அவை முகர்ந்தன. ஒன்று காலால் மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் செய்தது. எல்லாம் திரும்பிப் போய்விட்டன. “பாத்தீங்களா, சுத்தமான சரக்குதான் வேணுமாம்!” என்று கூட்டம் ஆரவாரித்தது. அந்த அம்மாள் வெட்கப்பட்டுத் தட்டை எடுத்துக்கொண்டாள். போங்-யோ அதில் மிச்சமிருந்த துண்டை வாங்கி வாயில் போட்டாள். சோயா. வெறும் சோயா. நல்ல, நேர்மையான, ருசியில்லாத சோயா.

தன் தட்டில் இருந்த மீனை அவள் குனிந்து பார்த்தாள்.

மறுநாள் ஒரு பிடி கடற்பாசிப் பொடியை வெந்நீரில் போட்டு, தனியாக நின்று ஆவியை முகர்ந்தாள். இத்தனை வருஷமும் எண்ணெயோடும் இஞ்சியோடும் கலந்து வந்த வாசம் இப்போது அம்மணமாக வந்தது. மீன். காயவைத்து அரைத்த மீன். குளத்துக்காரன் மகளுக்கு அது தெரியாதா? தெரிந்ததனால்தானே மூன்று கிண்ணத்தில் அதைத் தேர்ந்தெடுத்தாள். நாக்குக்குத் தெரிந்திருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. அப்படியானால் தேர்ந்தெடுத்தது யார்? விரதம் காத்தவள் யார், முறித்தவள் யார்? அன்றைக்கு இரண்டாவது பாடத்தில் உட்கார்ந்தபோது டப்பாவுக்குப் பதிலாக இந்தக் கேள்வி வந்து நின்றது. எவ்வளவு கழற்றியும் அது போகவில்லை.

அப்போதுதான் சுன்-கியின் கண்கள் மஞ்சளாக ஆரம்பித்திருந்தன. ஈரலில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். வயிறு வலித்திருக்குமே என்று மருத்துவர் கேட்டதற்கு அவன் இல்லவே இல்லை என்றான். கண்ணுக்குக் கீழே எலும்பு துருத்திய முகத்தோடு படுத்திருந்தவனைப் பார்க்கப் பார்க்க, இது என் நாக்கு செய்தது என்று அவளுக்குப் பட்டது. விரதத்தைக் கொடுத்து வாங்கிய உயிர், அந்த விரதத்தில் ஓட்டை.

தெருமுனைக் கோயிலில் பிறைக்கட்டைகளைக் கையில் எடுத்தாள். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் சரி; இரண்டும் கவிழ்ந்தால் வேண்டாம்; இரண்டும் மல்லாந்தால் தெய்வம் சிரிக்கிறது என்று அர்த்தம். “நான் இதை வெளிய சொல்லணுமா, தாயே?” போட்டாள். தெய்வம் சிரித்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் சிரித்தது. கோயில்காரர் பார்த்துவிட்டு, “கேள்வியத் தெளிவா கேளும்மா,” என்றார். இதைவிடத் தெளிவாக எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தவுக்கேவிடம் போனாள். அவர் தேநீர் ஊற்றிக் கொடுத்து, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஆச்சரியப்படவில்லை. அதிலேயே பாதி தெரிந்துவிட்டது.

“உங்களுக்குத் தெரியுமா தவுக்கே?”

“நான் பொடிக்காரன்கிட்ட எதையும் கேக்கலை. கடற்பாசின்னு சொல்லிக் குடுத்தான், வாங்கினேன்.”

“பூனைங்க வந்தப்பவாவது…”

“பூனைங்க வந்தப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, போங்-யோ. பொய் சொல்லலை. நெஜமாவே புண்ணியம்னு நெனச்சேன். கொஞ்ச நாள் கழிச்சு ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம் அதை நெனைக்கிறதை விட்டுட்டேன்.” அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். “வெளிய சொன்னா கதவைச் சாத்தணும். மேய்-கிம் எங்க போவா? நீ எங்க போவ, இப்ப இருக்கற நெலமையில? இது என் கடை மட்டுமில்ல, வீடு. வீட்டுக்குள்ள ஒருத்தர் குத்தத்தை ஒருத்தர் மூடறதுதான் நம்ம நேர்மை. தெருவுல போய்க் கத்தறதுக்கு நேர்மைன்னு பேரில்ல.”

“துக்க வீட்டுல திங்கிறாங்களே தவுக்கே. செத்தவங்களுக்குப் புண்ணியம் சேரட்டும்னு ஏழு வாரம் வாயக் கட்டி…”

“அவங்க மனசுல சைவம்தானே? மனசு சுத்தமா இருந்தா சாப்பாடும் சுத்தம். எல்லாமே வெறுமைங்கறப்ப, சோயா எது மீன் எது? யோசிச்சுப் பாரு. மீன் எங்க இருக்கு?”

“பூனை வாயில இருக்கு, தவுக்கே.”

அவர் முகம் சுருங்கியது. அழுதுவிடுவார்போல் இருந்தது. “நல்ல பொடி வாங்கிப் பாக்கறேன்,” என்றார். வாங்கவும் செய்தார். வடக்கே இருந்து சரக்கு திரும்பி வந்தது. பழைய மூட்டைகள் மறுபடி வந்து இறங்கியபோது அவர் அவள் பக்கமே பார்க்கவில்லை.

குருவம்மாவிடம் சொல்லிவிடுவது என்று மலையேறினாள். வேறு எவர் ஏமாந்தாலும் பிக்குணிகள் ஏமாறக்கூடாது. குருவம்மா தோட்டத்தில் கீரை பறித்துக்கொண்டிருந்தார். “குருவம்மா, நாங்க அனுப்பற மீன்ல…” என்று ஆரம்பித்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“இரு. எங்களுக்கு ஒரு விதி இருக்கு, தெரியுமா? கிண்ணத்துல விழுந்ததைப் பத்தி நாங்க பாக்கலை, கேக்கலை, சந்தேகப்படலைன்னா எங்க மேல குத்தமில்ல. நீ சொல்ல வந்ததை நான் கேக்கணுமா, இல்ல நீ சொல்லணுமா?”

போங்-யோவுக்கு விளங்கவில்லை.

“உள்ள கெழவிங்க இருக்காங்க. சிலபேர் சின்ன வயசுலயே தலை மழிச்சவங்க. நீ சொல்லாட்டி நீ ஒருத்தி சுமக்கற. சொல்லிட்டா அத்தனை பேரும் சுமக்கணும், சாகற வயசுல.” கீரைக்கட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். “இதைக் கொண்டுபோய் உன் வீட்டுக்காரருக்குக் குடு. இதுல மண்ணைத் தவிர ஒண்ணுமில்ல.”

சந்தேகப்படாதவர் இப்படிப் பேசுவாரா என்று இறங்கி வரும்போது நினைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கீரையைச் சுன்-கி தள்ளிவைத்தான். “ஏ போங், ஏன் இப்பல்லாம் நம்ம மீனைக் கொண்டார்றதே இல்ல?”

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று கிண்ணம், நாக்கு, பூனை, பொடி எதையும் விடவில்லை. “என் விரதம் முறிஞ்சுபோச்சுங்க. எப்பவோ முறிஞ்சுபோச்சு. எனக்கே தெரியாம.”

சுன்-கி சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று.

“எனக்கு மொத வாயிலயே தெரியும்டி. நானும் குளத்துக்காரன்தானே.”

“தெரியுமா?”

“நீ தெரிஞ்சுதான் செஞ்சேன்னு நெனச்சேன். கஞ்சிக்கடைப் பக்கம் நான் பாக்கறதைப் பாத்துட்டு, மனசு கேக்காம, எனக்காக விரதத்தை ஒரு ஓரமா வளைச்சுட்டேன்னு நெனச்சேன். வாயைத் தொறந்தா நீ வெக்கப்படுவ. அதான் தின்னுட்டுப் பேசாம இருந்தேன்.” அவள் கையைத் தேடிப் பிடித்தான். “ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு போங். பேரைப் பாரு, வளர்த்துத் தொலைப்போம்னு வச்ச பேரு. அவ எனக்காகச் சாமியையே ஏமாத்தறாளேன்னு.”

“அப்போ வயித்துவலி இல்லவே இல்லைன்னீங்களே, அதுவும் பொய்யா?” என்று கேட்டாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“சொல்லுங்க. வலி எப்பலேர்ந்து?”

“ஆச்சு, ரெண்டு வருஷம்.”

“ஏன் சொல்லல?”

“விரதத்துக்கு வாங்கின உசுரு. விரதம் போனா உசுரும் போகத்தானே செய்யும். வலின்னு டாக்டர்கிட்ட போனா, நான்தான் இவரைக் கொன்னுட்டேன்னு நீ நெனைப்ப. தானா வந்த மாதிரி இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

ஆரம்பத்திலேயே வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னது அவள் காதில் இருந்தது. அவள் செய்யாத ஒரு கருணைக்காக அவன் நன்றி பாராட்டி, அந்த நன்றியிலேயே செத்துக்கொண்டிருந்தான். அவளை மூடப் போர்த்திய துணி அவன் மூச்சையே அடைத்திருந்தது. தவுக்கே சொன்ன நேர்மை இதுதானே? வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் மூடுவது. அவர்கள் வீட்டில் அது பிசகில்லாமல் நடந்திருக்கிறது.

“நாளைக்கு அந்த மீனைக் கொண்டு வாடி,” என்றான் சுன்-கி. “இனிமே என்ன.”

கொண்டுபோனாள். இந்த முறை தெரிந்தே. அவன் ஒரு கரண்டியளவு சாப்பிட்டான்.

குளிர் தொடங்கும் முன்பே சுன்-கி போய்விட்டான். தவுக்கே எல்லாம் முன்னின்று செய்தார். ஏழு வாரத் துக்கச் சாப்பாடும் அவர் பொறுப்பு. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் செத்தவனுக்குப் புண்ணியம் சேரட்டும் என்று கவிச்சி விலக்கி, அவள் கையால் சுற்றிய சைவ மீனைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவள் ஒவ்வொரு தட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவேண்டாம் என்பதற்குப் புருஷன் ஒரு காரணம், இப்போது அவன் இல்லை. தவுக்கே ஒரு காரணம், குருவம்மா ஒரு காரணம். ஆனால் சொல்லாமல் விட்டு, சுன்-கியின் புண்ணியத்திலும் ஓட்டை போட அவளுக்கு மனசில்லை. கடைசிச் சடங்கில், மலைக்கோயிலில், எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள்.

ஏழாவது வாரம். சுன்-கியின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி புகைந்தது. அண்ணன் மகன் பிள்ளை ஸ்தானத்தில் மண்டியிட்டிருந்தான். பிக்குணிகள் மணியை நிறுத்தினார்கள். படையலில் நடுநாயகமாகச் சைவ மீன், தலையும் வாலும் செதிலுமாக, அவளே செய்தது. போங்-யோ எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள்.

அப்போது கோயிலின் கிழட்டுச் சாம்பல் பூனை படையல் மேஜைமேல் ஏறியது. யாரும் விரட்டவில்லை. அது சுன்-கியின் படத்தை ஒருமுறை முகர்ந்துவிட்டு, மீனருகில் உட்கார்ந்து நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது.

“வந்துட்டாரு!” என்று மேய்-கிம் வீறிட்டாள். “அக்கா, மாமா வந்துட்டாரு! அவருக்குப் பிடிச்சதையே சாப்பிடறாரு பாரு!”

கூட்டம் மடமடவென்று மண்டியிட்டது.

“அது மீன்,” என்றாள் போங்-யோ. யாருக்கும் கேட்கவில்லை. “அதுல மீன் இருக்கு! செத்த மீனை அரைச்சுப் போட்டிருக்கு, அதான் பூனை திங்குது! எல்லாரும் மீனைத் தின்னிருக்கீங்க, ஏழு வாரமா தின்னிருக்கீங்க, நான்தான் போட்டேன்!”

மேய்-கிம் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “அழு அக்கா, நல்லா அழுதுடு. அடக்கி வச்சா பைத்தியம் புடிக்கும்.”

“மேய்-கிம், நான் சொல்றதைக் கேளு…”

“கேக்கறேன், கேக்கறேன்.” முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். “ஏழு வாரமா ஒரு பொட்டுக் கண்ணீர் விடலை, பாவம். புருஷன் வந்து நின்னதும் ஒடைஞ்சிட்டா.”

பெண்கள் சுற்றி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தி விசிறினாள். தவுக்கே தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அவர் கண்ணை அவள் பார்த்தாள். அதில் பயமும் இரக்கமும் இருந்தன. இரண்டும் நிஜம். “நாளைக்கு வரவேணாம், போங்-யோ. வீட்டுல இரு,” என்றார். குருவம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கேட்காதவர்போல, மணியை மறுபடி அடிக்க ஆரம்பித்தார். பூனை மீனின் தலையை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போனாள். வீட்டில் இருந்து என்ன செய்வது? அரிசி ஒரு கைப்பிடி போதும் என்று அளக்கும்போதே வெளியே வந்துவிட்டாள்.

முற்றத்தில் எல்லோரும் நின்றார்கள். “நான் என் பெற்றோரின் பிள்ளை,” என்றார்கள். அவள் அப்பாவின் குளங்களை எப்போதோ தூர்த்துவிட்டார்கள். “நான் என் வீட்டின் துணை.” அந்த வரிக்கு அவள் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. “நான் இந்தத் தொழிலின் கை.” அதைச் சொன்னாள். பிறகு எல்லோரும் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினார்கள்.

இத்தனை வருஷமும் வராதது அன்றைக்கு அவளுக்குச் சுலபமாக வந்தது. டப்பா வரவில்லை. உப்பு, மூடி, மாத்திரை எதுவும் வரவில்லை. கழற்றிவைக்க ஒன்றுமில்லாததால் சீக்கிரமே முடிந்துவிட்டது. குருவம்மா சொன்ன சூடும் அங்கே இல்லை.

மணி அடித்தது. மேய்-கிம் அவள் தோளைத் தொட்டு, “எந்திரிக்கா, கொப்பரை காயுது,” என்றாள். பின்பக்கம் பூனைகள் வந்துவிட்டிருந்தன. போங்-யோ எழுந்துபோய் மூங்கில் குச்சியை எடுத்து, முதல் ஆடையைக் கிழியாமல் தூக்கினாள்.